பல்லுக்குக் கம்பி: கடன் வாங்கும் முன் கேட்க வேண்டியவை

வாசகர் கடிதம்: "என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. மேல் முன்பல் எடுப்பாக இருக்கிறது. பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று சிரிக்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்கிறாள். நாகர்கோவிலில் ஒரு கிளினிக்கில் கம்பி போட 60,000 ரூபாய் என்றார்கள். இன்னொரு இடத்தில் வெளியே தெரியாத பிளாஸ்டிக் அலைனர் 1,80,000 ரூபாய், மாதத் தவணைக்குக் கடனையும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். 8 வயது மகனுக்கும் முன்பல் நடுவே இடைவெளி இருக்கிறது. இருவருக்கும் சேர்த்துச் செய்தால் தள்ளுபடி உண்டு என்கிறார்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் நரம்பு போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்துகிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் கையில் காசு இருக்காது. என்ன செய்வது?" (குளச்சல் அருகிலிருந்து ஒரு தாய்)

அன்புள்ள சகோதரி,

கடன் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மகளுக்குச் சிகிச்சை தேவைப்படலாம், அதுவும் தள்ளிப்போடாமல். மகனுக்கு இப்போது பெரும்பாலும் எதுவும் வேண்டியிருக்காது. தேவையில்லாத சிகிச்சையையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் தள்ளுபடியால் உங்களுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

விலையைப் பற்றிப் பேசும் முன் மகளைப் பற்றி மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: பல் எவ்வளவு முன்னால் நிற்கிறது, ஏன் நிற்கிறது, அவளுக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சம் இருக்கிறது.

முதலாவதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். கடைவாய்ப்பற்கள் நன்றாகச் சேரும்படி கடிக்கச் சொல்லுங்கள். மேல் முன்பல்லின் நுனியிலிருந்து கீழ் முன்பல்லின் முன்பக்கம் வரை படுக்கைவாட்டில் எத்தனை மில்லிமீட்டர் என்று பள்ளி ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஸ்கேல் முனையில் பூஜ்யத்துக்கு முன் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2, 3 மி.மீ. என்றால் இயல்பு. சிகிச்சை எவ்வளவு தேவை என்று சொல்ல பிரிட்டனில் 1989-ல் வெளிவந்த ஐந்து படி அளவுகோல் ஒன்று உண்டு; படி ஏற ஏறத் தேவை அதிகம். இடைவெளி 6 மி.மீ.யைத் தாண்டினால் 4-ஆம் படி, 9-ஐத் தாண்டினால் 5-ஆம் படி. அங்கே 18 வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளைக்கு அரசு செலவில் கம்பி போடலாமா என்று இதைக் கொண்டுதான் முடிவெடுக்கிறார்கள். உங்கள் மகளுக்கு 6-க்கு மேல் வந்தால் இது அழகுக்காகச் செய்கிற செலவு இல்லை. எடுப்பான பல் கீழே விழும்போது முதலில் அடிபடும். ஒரு முன்பல் உடைந்தால் வேர் சிகிச்சை, அதன்மேல் உறை, பிறகு ஆயுளில் பலமுறை அந்த உறையை மாற்றுவது என்று செலவு தொடரும். வாயை மூடினால் உதடு சிரமமில்லாமல் சேருகிறதா என்றும் பாருங்கள். சேராத பிள்ளைக்கு மேல் ஈறு காய்ந்து, சிவந்து, வீங்கும்.

இரண்டாவது கேள்வியை மருத்துவரிடம் இப்படியே கேளுங்கள்: "டாக்டர், இது பல்லா, தாடையா?" மேல் பற்கள் மட்டும் முன்னால் சாய்ந்திருப்பது ஒன்று. கீழ்த்தாடை வளராமல் பின்தங்கியிருப்பதால் மேல் பல் எடுப்பாகத் தெரிவது வேறு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், சிகிச்சை முற்றிலும் வேறு. இதைப் பிரித்துக் காட்டுவது தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே, செபலோகிராம் என்பார்கள். எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி.யும் வேண்டும். இந்த இரண்டு படமும் பல்லின் அச்சும் எடுக்காமலே ஒருவர் விலை சொன்னால், அவர் உங்கள் பிள்ளைக்கென்று திட்டம் எதுவும் போடவில்லை என்று பொருள். உங்களிடம் 60,000 சொன்னவரும் 1,80,000 சொன்னவரும் படம் பார்த்த பிறகா சொன்னார்கள், பார்க்கும் முன்பா?

மூன்றாவதுதான் அவசரமான விஷயம். கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், வளரும் வயதில் அதை முன்னுக்குக் கொண்டுவரக் கழற்றி மாட்டும் கருவிகள் இருக்கின்றன. ட்வின் பிளாக் அதில் பரவலாகப் பயன்படுவது. மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என இரண்டு அக்ரிலிக் தட்டுகள். கடிக்கும்போது சரிவான முகப்புகள் ஒன்றோடொன்று மோதிக் கீழ்த்தாடையை முன்னே தள்ளி நிறுத்தும். ஏறக்குறைய நாள் முழுவதும், ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் போட வேண்டிவரும். வளர்ச்சி வேகமாக இருக்கும்போதுதான் இது நன்றாக வேலை செய்யும். பெண் பிள்ளைகளுக்கு அந்த வேகம் பூப்பெய்துவதற்குச் சுமார் ஒரு வருடம் முன்பு உச்சத்தில் இருக்கும், அதன்பிறகு குறையும். ஆகவே மகள் பெரியவளாகிவிட்டாளா, ஆகியிருந்தால் எத்தனை மாதம் ஆயிற்று என்பதைக் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னும் ஆகவில்லை, அல்லது அண்மையில்தான் ஆனாள் என்றால் இந்த வருடமே தொடங்க வேண்டும். இந்தக் காலத்தைத் தவறவிட்டால் பிறகு பல்லைப் பிடுங்கிச் சமாளிப்பது, இல்லையென்றால் வளர்ச்சி முடிந்தபின் தாடை அறுவை சிகிச்சை என்ற இரண்டு வழிகளே பெரும்பாலும் மிஞ்சும். தனியாரில் ட்வின் பிளாக்குக்குச் சுமார் 8,000 முதல் 15,000 வரை ஆகலாம். அதன் பிறகும் பெரும்பாலும் கம்பி வேண்டிவரும். சொல்லப்பட்ட 60,000-க்குள் இது அடக்கமா என்று கேளுங்கள்.

தாடை சரியாக இருந்து பல் மட்டுமே சாய்ந்திருக்கிறது என்றால் ஆறேழு மாதம் பணம் சேர்த்துவிட்டுத் தொடங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. அளவு 6-ஐத் தாண்டியிருந்தால் அதற்கு மேல் தள்ள வேண்டாம்.

பல் பிடுங்குவதைப் பற்றி. பல்லைப் பின்னுக்கு இழுக்க இடம் வேண்டும். இடம் இல்லாத வாயில் கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் சிறிய முன்கடைவாய்ப்பற்களில் இரண்டையோ நான்கையோ எடுப்பது உலகமெங்கும் நடக்கும் சாதாரண வழக்கம். பார்வைக்கான நரம்பு வேறு, மேல் பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. பல்லின் நரம்பு முகத்தின் தொடு உணர்ச்சியைச் சேர்ந்தது, பார்க்கிற வேலை அதற்குக் கிடையாது. மேல் பல்லை எடுத்தால் கண் போகாது என்று பெரியவர்களிடம் உறுதியாகச் சொல்லுங்கள். கவனிக்க வேண்டியது வேறொன்று. எந்தப் பல் என்பதை மருத்துவர் எண்ணாகவே எழுதித் தர வேண்டும். மேலே வலப்பக்கம் 14, மேலே இடப்பக்கம் 24, கீழே இடப்பக்கம் 34, கீழே வலப்பக்கம் 44 என்பது சர்வதேச வழக்கம். 'வலது', 'இடது' என்று வாயால் சொல்லி அனுப்பினால் நோயாளியின் வலதா, எதிரே நிற்பவரின் வலதா என்ற குழப்பத்தில் தவறான பல் போய்விட வாய்ப்புண்டு. அந்தச் சீட்டோடு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் எடுத்துக்கொண்டால் தனியாரில் ஒரு பல்லுக்கு 500, 1,000 என்று போகும் பணம் மிச்சம். எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்பதையும் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

இனி விலை. நம் மாவட்டத்தில் தனியார் கிளினிக்கில் சாதாரண உலோகக் கம்பிக்கு ஏறத்தாழ 30,000 முதல் 60,000 வரை கேட்கிறார்கள். பல் நிறத்தில் இருக்கும் செராமிக் என்றால் இன்னும் 10,000, 20,000 கூடும். உங்களிடம் சொன்னது மேல்பக்கத்து விலை. அநியாயம் என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். எதெல்லாம் அடக்கம் என்பதைப் பொறுத்தது. பல்லில் ஒட்டும் பிராக்கெட், கடைவாய்ப்பல்லில் மாட்டும் குழாய், மெல்லிய நிக்கல் டைட்டானியம் கம்பியில் தொடங்கித் தடித்த ஸ்டீல் கம்பி வரை மாற்றிக்கொண்டே போகும் ஏழெட்டுக் கம்பிகள், ரப்பர் வளையங்கள் என எல்லாம் சேர்ந்தாலும் பொருள் விலை மொத்தத்தில் சிறு பங்குதான். 18 முதல் 24 மாதம், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்கும் நிபுணரின் நேரத்துக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். அதனால்தான் '15,000-க்குக் கம்பி' என்ற விளம்பரத்தை நம்பக்கூடாது. ஒட்டுவதற்கு மட்டும் 15,000 வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வருகைக்கும், ஒவ்வொரு புதுக் கம்பிக்கும், முடிவில் கழற்றுவதற்கும் தனித்தனியாகக் கேட்பார்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியது இது: எக்ஸ்ரேக்களும் அச்சும் சொன்ன தொகைக்குள் அடக்கமா, மாத வருகைக்குத் தனிக் கட்டணமா, பிராக்கெட் விழுந்தால் எத்தனை முறை இலவசமாக ஒட்டுவார்கள், பிறகு ஒன்றுக்கு எவ்வளவு, பல்லை இழுக்கப் பிடிமானமாகத் தாடை எலும்பில் சிறு திருகு வைக்க வேண்டிவந்தால் அதன் விலை, கணித்த காலத்தைத் தாண்டி இழுத்தால் கூடுதல் பணம் உண்டா, கழற்றிப் பாலிஷ் செய்வதும், பல் மறுபடி நகராமல் பிடித்துவைக்கக் கடைசியில் தரும் ரிடெய்னரும் சேர்த்தியா. வாய்ப்பேச்சு இரண்டு வருடம் தாங்காது. பெரிய தாள் வேண்டாம், மருத்துவரின் சீட்டிலேயே ஆறு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

யார் செய்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். பி.டி.எஸ். முடித்தபின் மூன்று வருடம் இந்தத் துறையை மட்டும் படித்து எம்.டி.எஸ். பெற்றவர்தான் பல் சீரமைப்பு நிபுணர். நம் ஊர் கிளினிக்குகள் பலவற்றில் அவர் மாதத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் வந்து போவார். அதில் தவறில்லை, ஆனால் இடைப்பட்ட நாளில் கம்பி குத்தினால் யார் பார்ப்பார்கள், அவர் வருவதை நிறுத்திவிட்டால் என்ன ஏற்பாடு என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பெயரும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் சீட்டில் இருக்கட்டும்.

அலைனரை உங்கள் மகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தினம் 20 முதல் 22 மணி நேரம் போட்டால்தான் அது வேலை செய்யும். சாப்பிடும்போது கழற்றி, டிஷ்யூவில் சுற்றி, அதைக் குப்பையில் போட்டுவிட்டு வரும் பிள்ளைகள் ஏராளம். தாடைக் கோளாறு இருந்தால் அலைனருக்கு முன் அதைக் கவனிக்க வேண்டும். வெறும் புகைப்படத்தையும் அச்சையும் வாங்கிக்கொண்டு தபாலில் அனுப்பும் கம்பெனிகள் பக்கம் போகவே வேண்டாம். அமெரிக்காவில் இப்படி இயங்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற பெரிய நிறுவனம் திவாலாகி 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, நடுவில் நின்றவர்களின் சிகிச்சை அப்படியே நின்றது. தவணையை மட்டும் தொடர்ந்து கட்டச் சொன்னார்கள்.

கிளினிக்கில் ஏற்பாடு செய்து தரும் தவணைக் கடனிலும் இதே ஆபத்து இருக்கிறது. கடன் கம்பெனி மொத்தப் பணத்தையும் முதலிலேயே கிளினிக்குக்குக் கொடுத்துவிடும். அதன்பின் நீங்கள் கடன்பட்டிருப்பது அந்தக் கம்பெனிக்கு, மருத்துவருக்கு அல்ல. மருத்துவர் ஊர் மாறினாலும், கிளினிக் மூடினாலும், பிடிக்காமல் நீங்களே நிறுத்தினாலும் மாதாமாதம் வங்கிக் கணக்கில் பணம் எடுப்பார்கள். 'வட்டியில்லாத் தவணை' என்றாலும் செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று இருக்கும், வட்டியை விலையிலேயே ஏற்றியிருக்கவும் கூடும். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். மேற்குக் கடற்கரைத் தடைக்காலமான ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை உங்கள் வீட்டில் வருமானம் நின்றிருக்கும்போது தவணை திரும்பிப் போனால் அபராதமும் சேரும், பின்னால் வங்கிக் கடன் வாங்கும் தகுதியும் கெடும்.

கம்பிச் சிகிச்சை மாதாமாதம் நடக்கிற வேலை. அதற்கான பணத்தையும் மாதாமாதம் கொடுப்பதே நியாயம், கடனே வேண்டியதில்லை. 45,000 என்று பேசி முடித்தால் இப்படிப் பிரிக்கச் சொல்லலாம்: எக்ஸ்ரே, அச்சுக்கு 2,000, கம்பி ஒட்டும் அன்று 12,000, பிறகு 18 வருகைக்கு 1,500 வீதம் 27,000, கழற்றி ரிடெய்னர் தரும் அன்று 4,000. ஜூன், ஜூலை வருகைகளுக்குப் பணத்தைத் தள்ளிவைத்து ஆகஸ்டிலிருந்து சேர்த்துத் தருகிறோம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பணம் இல்லை என்று அந்த இரண்டு மாதம் வருகையைத் தவறவிடுவதுதான் ஆகாது. கம்பி இழுத்துக்கொண்டே இருக்கும், பார்ப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் பல் போகக்கூடாத இடத்துக்கும் போகும். கையில் இல்லாத மாதத்திலும் வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்று சொல்லும் மருத்துவராகப் பாருங்கள். ஒட்டும் அன்று தர வேண்டிய தொகைக்கு மட்டும் கை கடித்தால் மகளிர் குழுக் கடனையோ கூட்டுறவு வங்கி நகைக்கடனையோ விசாரியுங்கள்; 12,000-த்துக்கான வட்டியும் 1,80,000-த்துக்கான வட்டியும் ஒன்றல்ல.

காப்பீட்டை நம்பி இருக்க வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கொண்டு சாதாரண எடுப்புப் பல்லுக்குக் கம்பி போட முடியாது. தனியார் மருத்துவக் காப்பீடுகளிலும் விபத்தில் அடிபட்டது தவிரப் பல் செலவைப் பெரும்பாலும் தருவதில்லை. பிளவு உதடு, பிளவு அண்ணத்தோடு பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் வழி உண்டு. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் தேசிய சிறார் நலத் திட்டக் குழுவிடம் பதிந்தால் மேல்சிகிச்சைக்கு இலவசமாக அனுப்புவார்கள்.

உங்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடியது பல் மருத்துவக் கல்லூரி. நம் மாவட்டத்திலேயே குலசேகரத்தில் ஒன்று இருக்கிறது. எல்லை தாண்டினால் காவல்கிணற்றில் ஒன்று, திருவனந்தபுரத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. இத்தகைய கல்லூரிகளில் பல் சீரமைப்புத் துறையில் எம்.டி.எஸ். படிக்கும் மருத்துவர், பேராசிரியரின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வார். அவர் ஏற்கெனவே பி.டி.எஸ். முடித்த பல் மருத்துவர் என்பதை மறக்க வேண்டாம். கட்டணம் வெளியில் கேட்பதில் பாதியோ அதற்கும் குறைவோ இருக்கும். திட்டத்தைப் பேராசிரியர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே கம்பி ஏறும் என்பதால், படம் எடுக்காமல், அளக்காமல் தொடங்கும் பேச்சே இருக்காது. பதிலுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது நேரம். ஒவ்வொரு வருகையும் ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், வேலை நாளில் பகலில்தான் பார்ப்பார்கள். குளச்சலிலிருந்து தக்கலையில் பஸ் மாறிக் குலசேகரம் போய் வர ஒரு பகல் போய்விடும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தாகப் பார்த்து ஏறினால் உங்களுக்கும் மகளுக்கும் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது.

அங்கே மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி: "டாக்டர், நீங்கள் எந்த வருடம்?" மேற்படிப்பு மூன்று வருடம். முதல் வருடத்தில் இருப்பவர் தொடங்கினால் அவரே முடித்துவைக்கலாம். கடைசி வருடத்தவர் தொடங்கினால் நடுவில் வேறொருவர் கைக்கு மாறும். புதியவர் நிலைமையைப் புரிந்துகொள்வதற்குள் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். மாறத்தான் வேண்டுமென்றால் மாறும் நாளில் இருவரும் சேர்ந்து மகளைப் பார்க்கும்படி கேளுங்கள்.

தனியாரில் செய்தாலும் கல்லூரியில் செய்தாலும், எக்ஸ்ரே நகலும் சிகிச்சைத் திட்டமும் உங்கள் வீட்டில் ஒரு கவரில் இருக்கட்டும். கணவர் துறைமுகம் மாறி ஊரையே மாற்ற வேண்டிவந்தாலும் அடுத்த மருத்துவர் அதைப் பார்த்துத் தொடர்வார். பிராக்கெட்டின் துளை அளவு 0.022 அங்குலமா 0.018-ஆ என்றும் எழுதி வாங்குங்கள். இது தெரியாவிட்டால் புதியவர் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஒட்ட நேரலாம்.

கம்பி ஏறிய பிறகு செலவை ஏற்றுவது பெரும்பாலும் சாப்பாடு. ஒரு பிராக்கெட் விழுந்தால் அந்தப் பல் நிற்கும், சில நேரம் பின்னுக்கும் போகும். அடுத்த தடித்த கம்பிக்குப் போக முடியாமல் பழைய மெல்லிய கம்பிக்கே திரும்ப வேண்டியிருக்கும். அடிக்கடி விழுந்தால் மாதங்கள் கூடும், ஒவ்வொரு மாதத்துக்கும் பஸ்ஸும் கூலியும் போகும். நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு, கடலை மிட்டாய், காய்ந்து இறுகிய முந்திரிக்கொத்து, கருப்பட்டித் துண்டு, கரும்பு இவை வேண்டாம். உங்கள் வீட்டில் முக்கியமானது நண்டு: ஓட்டைப் பல்லால் உடைக்கக்கூடாது, நீங்கள் உடைத்துச் சதையை எடுத்துக் கொடுங்கள். கொய்யா, மாங்காய், பனங்கிழங்கு எல்லாம் முன்பல்லால் கடிக்காமல் சிறு துண்டாக்கிக் கடைவாயில் மென்றால் பிரச்சினையில்லை. கம்பி மாற்றிய பின் இரண்டு மூன்று நாள் பல் கூசி வலிக்கும். கஞ்சி, குழைய வெந்த மரச்சீனியும் மீன்குழம்பும், இடியாப்பம் போதும். பிராக்கெட்டைக் கட்டும் ரப்பர் வளையம் வெள்ளையாகவோ நிறமில்லாமலோ இருந்தால் குழம்பு மஞ்சளில் இரண்டே நாளில் மஞ்சளாகும். சாம்பல் அல்லது நீல நிறம் கேட்டு வாங்குங்கள். செராமிக்குக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பல் துலக்குவது அதைவிட முக்கியம். பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால் ஒரு மாதத்துக்குள்ளேயே பல்லில் சுண்ணாம்பு வெள்ளையாகப் புள்ளி விழத் தொடங்கும். கம்பி கழற்றும் நாளில் பல் வரிசையாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு பல்லிலும் கட்டம் கட்டியதுபோல் வெள்ளைத் தழும்பு இருக்கும். அதை முழுவதுமாகப் போக்குவது கடினம். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டால் காலை, இரவு இரண்டு வேளையும், கம்பிக்கு மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை எனப் பிரஷைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழைய, பாட்டில் கழுவும் பிரஷ் வடிவத்தில் சின்னப் பல் இடுக்கு பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கும். இரவில் 0.05 சதவீத சோடியம் ஃப்ளூரைடு வாய்க்கொப்பளிப்பான் சேர்த்தால் நல்லது; விழுங்கக்கூடாது, கொப்பளித்தபின் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. சொத்தை உள்ள பல்லை எல்லாம் கம்பி போடும் முன்பே அடைத்துவிட வேண்டும்.

கம்பியின் நுனி கன்னத்தைக் குத்தினால் மருத்துவர் தரும் மெழுகில் பட்டாணி அளவு எடுத்து, அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்துவிட்டு அழுத்தி வையுங்கள். ஈரத்தில் மெழுகு ஒட்டாது. விழுந்த பிராக்கெட் கம்பியிலேயே தொங்கினால் பிடுங்காமல் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

ரிடெய்னருக்கு இப்போதே பணம் ஒதுக்குங்கள். கம்பி கழற்றியதும் பல்லைச் சுற்றியுள்ள எலும்பும் நாரும் இறுகியிருக்காது, தாங்கிப் பிடிக்காவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகரும். வழக்கமாக முதல் ஆறு மாதம் சாப்பாட்டு நேரம் தவிர முழுநாளும், பிறகு இரவில் மட்டும் பல வருடம் போட வேண்டும். ஒன்று 1,500 முதல் 5,000 வரை ஆகலாம். தொலையும், உடையும், இரண்டாவது ஒன்று நிச்சயம் வாங்குவீர்கள். நிறமற்ற மெல்லிய வகையை வெந்நீரில் கழுவினால் நெளிந்து வீணாகும், குளிர்ந்த நீரே போதும். கம்பிக்கு 60,000 செலவழித்துவிட்டு 3,000 ரூபாய் ரிடெய்னரை வாங்காமல் விட்டு, கல்லூரி சேரும் வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் குடும்பங்களை நினைத்தால் மனம் வலிக்கிறது.

இப்போது மகன். 7 முதல் 11 வயது வரை மேல் முன்பற்கள் விலகி, விசிறிபோல் விரிந்து நிற்பது இயற்கையான கட்டம். மேலே எலும்புக்குள் இறங்கிவரும் கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரை நெருக்குவதால் அப்படி நிற்கிறது. 11, 12 வயதில் கோரைப்பல் வெளியே வரும்போது இடைவெளி பெரும்பாலும் தானே மூடும். அதற்கு முன் கம்பி போட்டு இழுத்தால் அந்த வேருக்கே சேதம் வரலாம், காசும் வீண்.

ஆனால் சிலவற்றைக் கவனியுங்கள். நடு முன்பல் ஒன்று வந்து ஆறு மாதமாகியும் ஜோடி வரவில்லை என்றால் உள்ளே கூடுதல் பல் ஒன்று வழிமறிக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மேல் பல் ஏதேனும் கீழ்ப்பல்லுக்கு உள்பக்கமாகக் கடித்தால் அதை இந்த வயதிலேயே ஒரு சின்னத் தட்டால் சரிசெய்யலாம், செலவு கம்பியில் பத்தில் ஒரு பங்கு. விரல் சூப்பும் பழக்கமோ வாயால் மூச்சு விடுவதோ இருந்தால் சொல்லுங்கள். பால்பல்தானே விழப்போகிறது என்று கடைவாய்ப் பால்பல் சொத்தையை விட்டுவிடாதீர்கள். அது சீக்கிரம் போனால் பின்னாலிருக்கும் நிலையான பல் முன்னே சாய்ந்து, அடுத்து வரும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடுங்கியே ஆக வேண்டுமென்றால் இடத்தைக் காக்கும் வளையம் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அந்தச் சில ஆயிரத்தைச் செலவழிக்காமல் விட்டதுதான் நெருக்கிய பற்கள் பலவற்றின் தொடக்கம்.

10 வயது ஆனதும் ஒருமுறை அவனைக் காட்டுங்கள். மருத்துவர் மேல் ஈறில் விரல் வைத்துக் கோரைப்பல்லின் மேடு தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார். தட்டுப்படவில்லை என்றால் அது அண்ணத்துப் பக்கம் வழிதவறிப் போகிறதா என்று எக்ஸ்ரேயில் தெரியும். அந்தச் சமயத்தில் கோரைப் பால்பல்லை எடுத்துவிட்டாலே பெரும்பாலான பிள்ளைகளுக்கு நிலையான பல் தானாகச் சரியான வழிக்கு வருகிறது. 14 வயது வரை விட்டால் அறுவை செய்து அண்ணத்தைத் திறந்து, சங்கிலி கட்டி இழுக்க வேண்டும்.

முதல் தொகையைக் கட்டும் முன் மகளைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். ட்வின் பிளாக் போட்டால் முதல் ஒரு வாரம் பேச்சு குழறும், எச்சில் ஊறும், வகுப்பில் பார்ப்பார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவள் மனது வைக்காவிட்டால் கருவி பையிலேயே கிடக்கும், நீங்கள் கட்டிய பணத்துக்குப் பலன் இருக்காது. தயங்கினால் மருத்துவரே அவளிடம் நேரடியாகப் பேசட்டும். எக்ஸ்ரே படத்தை அவள் முன் வைத்து, தாடை எங்கே நிற்கிறது, எங்கே வரப்போகிறது என்று காட்டினால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மதியம் சாப்பிட்டதும் வாய் கழுவிக் கருவியை மீண்டும் மாட்ட அவளுக்கு ஐந்து நிமிடம் தேவைப்படும்.